புதிய லிங்கேஜ் என்று காசு வாங்கினார்கள், உள்ளே இருந்தது குளிர்பான டின்

மோட்டார் சைக்கிள் பட்டறை தந்த ரசீதில் மூன்றே வரிகள்: லிங்கேஜ் (ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது கார்புரேட்டர்களைச் சேர்த்துத் திறக்கும் இணைப்பு) செட் 220 சிங்கப்பூர் வெள்ளி, கேபிள் 60, கூலி 100. மொத்தம் 380 வெள்ளியைக் கொடுத்துவிட்டு வந்த 12ஆம் நாள் காலை, தீவு விரைவுச்சாலைக்குள் நுழையும் வளைவில், ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் வண்டியின் வேகம் குறையவில்லை. முன்னால் ஊழியர்களை ஏற்றிய லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. கிளட்ச்சைப் பிடித்தேன், எஞ்சின் அலறியது. கட்டைவிரலால் சிவப்புப் பொத்தானைத் தட்டி எஞ்சினை நிறுத்தி, வண்டியை ஓரங்கட்டினேன். கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது.

என்னுடையது 2003இல் பதிவான ஹோண்டா சிபி400 சூப்பர் ஃபோர். 2023இல், வண்டியைத் தொடர்ந்து வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழை இரண்டாவது முறையாகப் புதுப்பித்தபோது, "இந்தப் பணத்துக்கு வேறு வண்டியே வாங்கியிருக்கலாம்" என்றார் மனைவி. அவர் சொன்னதில் தவறில்லை. ஆனாலும் பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் நான்கு கார்புரேட்டர்களும் சேர்ந்து எழுப்பும் அந்தச் சத்தத்தை விட மனமில்லை.

சில மாதங்களாகவே சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் ஒரு நிலையில் நிற்காமல் ஏறி இறங்கியது. ஆண்டுப் பரிசோதனையும் நெருங்கிவிட்டதால், காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் விட்டேன். கடைக்காரர் தமிழர், தம்பி, தம்பி என்று பேசினார். பழகிய கடை போல நம்பிவிட்டேன். மறுநாள் வண்டியை எடுத்தபோது வண்டி நின்ற இடத்தில் எஞ்சின் சீராக ஓடியது. சற்று வேகமாகவே ஓடியது. அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

விரைவுச்சாலைச் சம்பவத்துக்குப் பிறகு வண்டியை ஈசூனில் இருக்கும் மாமாவிடம் கொண்டுபோனேன். 30 ஆண்டுகள் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பெட்ரோல் டாங்கையும் காற்று வடிகட்டிப் பெட்டியையும் கழற்றி, நான்கு கார்புரேட்டர்களையும் ஒரே கொத்தாக எடுத்துச் செய்தித்தாளில் வைத்தார். இந்த வண்டியில் கேபிள் இழுப்பது ஒரே ஒரு சக்கரத்தைத்தான். அங்கிருந்து ஒரு கார்புரேட்டரின் தண்டு அடுத்ததன் நாக்கைத் தள்ள, அது அதற்கடுத்ததைத் தள்ள, உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் நான்கு வால்வுகளும் சேர்ந்து திறக்கும். நாக்கும் சரிசெய்யும் திருகும் தொடும் இடம் காலப்போக்கில் தேய்ந்து குழியாகிவிடும். அந்தக் குழியை மறைக்கப் பச்சை நிறத்தில் ஒரு தகரத் துண்டைச் சுற்றியிருந்தார்கள். மாமா அதை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். குளிர்பான டின், பாதி எழுத்துகூட அழியாமல் இருந்தது. அது நழுவி இடையில் சிக்கியதால்தான் வால்வுகள் மூடவில்லை.

"மாப்பிள்ளை, தண்டும் ஆடுகிறது பார்" என்று விரலால் அசைத்துக் காட்டினார். தேய்ந்த தண்டின் ஓரமாகக் காற்று கசிவதால்தான் எஞ்சின் ஏறி இறங்கியிருக்கிறது. அதை மறைக்க நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தை அமைக்கும் ஐட்லிங் திருகை ஏற்றிவிட்டிருந்தார்கள். ரசீதில் சொன்ன "செட்" எங்கே என்று கேட்டேன். இந்த வண்டிக்கான பாகப் பட்டியலில் அந்தத் தண்டு தனியாக வருவதே இல்லை என்றார். கேபிள் மட்டும் உண்மையிலேயே புதிது. அதற்கு நன்றி.

கடைக்காரரை அழைத்தேன். "பழைய வண்டி என்றால் அப்படித்தான் தம்பி, எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்றார். பழைய லிங்கேஜ் பாகங்கள் எங்கே என்றதும் "தூக்கிப் போட்டாயிற்று" என்றார். லிங்கேஜை மாற்றவே இல்லை என்கிறபோது எதைத் தூக்கிப் போட்டார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வண்டியை எடுக்குமுன் நான் செய்யத் தவறியவை இவை. எஞ்சின் ஓடும்போது ஹேண்டிலை இடமும் வலமும் முழுதாகத் திருப்புங்கள். எஞ்சின் சுற்றும் வேகம் ஏறினால் கேபிள் சரியாகப் பொருத்தப்படவில்லை. ஆக்சிலரேட்டரை முறுக்கி விட்டால் பட்டென்று தானாகத் திரும்ப வேண்டும். கைப்பிடியில் 2 முதல் 6 மில்லிமீட்டர் வரை தளர்வு இருக்கலாம். பாகத்தின் எண்ணை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். வண்டியை விடும்போதே பழைய பாகம் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். முடிந்த பிறகு கேட்டால் என் கதைதான்.

பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்தேன். கடைக்காரர் மசியவில்லை. அடுத்தது சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை இரண்டு ஆண்டுகளுக்குள் அங்கே கொண்டுபோகலாம். விண்ணப்பம் இணையத்திலேயே முடிந்துவிட்டது. மாமா பயன்படுத்திய கார்புரேட்டர் கொத்து ஒன்றைத் தேடிப் பிடித்துப் பொருத்திக் கொடுத்தார். பச்சைத் தகரம் ரசீதுடன் ஒரு பிளாஸ்டிக் பையில் இருக்கிறது. விசாரணை நாளன்று அதையும் எடுத்துப் போகிறேன்.