கீறல் விழுந்தால் உள்ளே என்ன தெரியும்? சமையலறைச் சாதனங்களின் ஃபினிஷ்: ஓர் ஒப்பீடு

ஃப்ரிட்ஜ், ஓவன், டிஷ்வாஷர், சிம்னி என்று நாலைந்து சாதனங்களை ஒரே சமயத்தில் வாங்குகிறவர்கள் கொள்ளளவையும் மின்சாரச் செலவையும் அக்குவேறு ஆணிவேறாக அலசுவார்கள். ஃபினிஷ் என்று வரும்போது மட்டும் கண்ணை நம்பிவிடுவார்கள். கடையில் நல்ல வெளிச்சம், அடிக்கடி துடைத்தும் வைக்கிறார்கள். அங்கே எல்லாமே அழகுதான். வீட்டுக்கு வந்தபின் எண்ணெய்ப் புகை படியும், ஈரக்கை படும், மோதிரம் உரசும், பாத்திரம் இடிக்கும். ஆகவே நிறத்துக்கு முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: கண்ணுக்குத் தெரிவது உலோகமேதானா, அல்லது உலோகத்தின் மேல் போர்த்திய தோலா? உலோகம் என்றால் கீறலைத் தேய்த்து மறைக்கலாம். தோல் என்றால் கீறிய இடத்தில் உள்ளே இருப்பது எட்டிப்பார்க்கும். பல சமயம் கதவையே மாற்றுவதைத் தவிர வேறு வழியிருக்காது.

பூச்சில்லாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்

இதற்குத் துரு எதிர்ப்பைத் தருவது குரோமியம். காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே சில நானோமீட்டர் தடிமனில் ஓர் ஆக்சைடு படலத்தை அது உண்டாக்குகிறது. கீறினாலும் காற்றுப் பட்டதும் படலம் தானாகவே திரும்ப வந்துவிடும். வேறெந்த ஃபினிஷுக்கும் இந்தக் குணம் கிடையாது.

சாதனங்களில் அதிகம் வருவது 430, 304 என்ற இரண்டு வகைகள். 304-ல் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் சுமார் 8 சதவீதம். 430-ல் குரோமியம் 16 முதல் 18 சதவீதம், நிக்கல் இல்லையென்றே சொல்லலாம். காந்தம் 430-ல் நன்றாக ஒட்டும். 304-ல் ஒட்டாது, வளைத்து மடித்த விளிம்புகளில் மட்டும் லேசாக இழுக்கலாம். வீட்டுக்குள் ஃப்ரிட்ஜ் கதவுக்கும் ஓவன் முகப்புக்கும் 430 தாராளமாகப் போதும். கடற்காற்று வரும் வீடாக இருந்தால் 304-க்குக் கூடுதலாகக் கொடுப்பது வீணில்லை. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 201 என்ற மலிவு வகையும் புழக்கத்தில் உண்டு. அதிலும் காந்தம் ஒட்டாது. எனவே காந்தம் ஒட்டாததை வைத்து 304 என்று முடிவுகட்டாதீர்கள்; விவரத்தாளில் எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

‘ஸ்டீல் லுக்’, ‘சில்வர் ஃபினிஷ்’ என்று எழுதியிருந்தால் உஷாராக வேண்டும். பெரும்பாலும் அது சாதாரண இரும்புத் தகட்டின் மேல் சாம்பல் நிறப் பெயின்ட், அல்லது ஒட்டிய பி.வி.சி. படலம். கதவின் அடிவிளிம்பில் தகடு மடியும் இடத்தைப் பார்த்தால், படலம் முடியும் கோடு சில சமயம் கண்ணில் படும். உண்மையான ஸ்டீல் கதவு கொண்ட ஃப்ரிட்ஜிலும் பக்கச்சுவர்கள் பெரும்பாலும் பெயின்ட் அடித்தவைதான். ஃப்ரிட்ஜின் பக்கவாட்டு வெளியே தெரியும்படி நிற்கப்போகிறது என்றால், வாங்கும்போதே சுற்றிவந்து பார்த்துவிட வேண்டும்.

இதன் பலவீனம் எல்லாருக்கும் தெரிந்தது: கைரேகை. அதற்காகச் சமையல் எண்ணெயைத் தடவிப் பளபளப்பாக்கும் பழக்கம் வேண்டாம். நாளாக நாளாக அது பிசுபிசுத்து, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டுகள் விட்டு, தகட்டில் தெரியும் இழையின் போக்கிலேயே துடைத்து, வெறும் நீரில் நனைத்த துணியால் இன்னொரு முறை துடைத்து, ஈரம் காய்வதற்குள் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். உப்புத்தன்மை உள்ள தண்ணீரின் வெள்ளைத் திட்டுகளுக்கு வினிகரும் நீரும் சரிபாதியாகக் கலந்து துடைத்துவிட்டு, உடனே நல்ல நீரால் துடைக்க வேண்டும்.

ஸ்டீலைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று குளோரைடு. ப்ளீச் துளிகள், காய விட்ட உப்புநீர் இரண்டும் ஆக்சைடு படலத்தைத் துளைத்துப் புள்ளிப் புள்ளியாகக் குழி விழச் செய்யும். புதுவீட்டில் சாதனங்களைப் பொருத்திய பிறகு டைல்ஸில் ஒட்டிய சிமென்டை ஆசிட் ஊற்றிக் கழுவுவது இன்னும் மோசம். ஆசிட் மேலே படவே வேண்டாம், அதன் ஆவி போதும். சில நாட்களில் தகடு பழுப்பேறிவிடும். தரைவேலை எல்லாம் முடிந்த பிறகுதான் சாதனங்கள் உள்ளே வர வேண்டும். மற்றொன்று இரும்புக் கம்பிநார். அதன் துகள்கள் தகட்டில் பதிந்து தாமே துருப்பிடிக்கும். பார்ப்பவர்கள் ஸ்டீல் துருப்பிடித்ததாக நினைப்பார்கள்.

கீறலைச் சரிசெய்வது அப்படிக் கடினமில்லை. ஸ்டீலுக்கென்றே விற்கும் மென்மையான நார்ப்பட்டையை எடுத்து, இழையின் திசையில் மட்டும், ஒரே அழுத்தத்தில், நீளமாக இழுக்க வேண்டும். கீறலோடு நிறுத்தாமல் இருபுறமும் ஒரு சாண் தாண்டி இழுத்தால்தான் திட்டாகத் தெரியாது. வட்டமாகத் தேய்த்தால் காரியம் கெட்டது. இழைக்குக் குறுக்கே விழுந்த கோடு எட்ட நின்றாலும் தெரியும். முதலில் கண்படாத அடிப்பகுதியில் செய்து பாருங்கள். நசுங்கலுக்கு மட்டும் வீட்டு வைத்தியம் ஏதும் இல்லை. பெயின்ட் போட்ட தகட்டில் மறைந்துபோகும் சிறு பள்ளம்கூட, ஸ்டீலில் ஒளி வளைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

கைரேகை படாத ஸ்டீல்

பார்வைக்கு மேலே சொன்னதுபோலவே இருக்கும், ஆனால் இது தோல் வகை. ஸ்டீலின் மேல் எண்ணெய் எளிதில் ஒட்டாத நிறமற்ற பூச்சு ஒன்று இருக்கிறது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து அதே மாதிரி பராமரிப்பதால்தான் பாதிச் சேதம் நடக்கிறது. மேலே சொன்ன நார்ப்பட்டை வைத்தியம் இதற்கு ஆகவே ஆகாது. பூச்சு உரிந்து, அந்த இடம் வேறு நிறமாகத் தெரியும். ஸ்டீல் பாலிஷ் அடித்தால் பூச்சின் மேல் கோடுகோடாகத் தேங்கி நிற்கும். ஆல்கஹால், அமோனியா, அமிலம் கலந்த திரவங்களும் கூடாது. மென்சோப்பு, நீர், மென்துணி: அவ்வளவுதான்.

வாங்குமுன் ஒரு சோதனை: கட்டைவிரலை நெற்றியில் தேய்த்துக் கதவில் அழுத்துங்கள். உலர்ந்த துணியால் இரண்டு இழுப்பில் ரேகை போய்விட்டால் பூச்சு நல்லது. நாளுக்குப் பலமுறை கைபடும் ஃப்ரிட்ஜுக்கும் டிஷ்வாஷருக்கும் இதையே பரிந்துரைப்போம். சூடும் எண்ணெயும் சேர்ந்து தாக்கும் சிம்னிக்கு வேண்டாம். அங்கே கடுமையாகத் தேய்த்துத்தான் ஆகவேண்டும், அதைப் பூச்சு தாங்காது.

கறுப்பு ஸ்டெயின்லெஸ்

கிச்சன்எய்ட் 2015-ல் கறுப்பு ஸ்டெயின்லெஸ் வரிசையைக் கொண்டுவந்த பிறகு மற்ற பெரிய நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. பெயரைக் கேட்டால் உலோகமே கறுப்பு என்று தோன்றும். பெரும்பாலானவற்றில் வெள்ளிநிற ஸ்டீலின் மேல் மெல்லிய கறுப்புப் பூச்சுதான். கைரேகை குறைவாகத் தெரியும், மரநிறச் சட்டங்களோடு நன்றாகப் பொருந்தும். ஆனால் ஆழமான கீறல் விழுந்தால் கறுப்பில் வெள்ளிக்கோடு மின்னும். டச்-அப் பேனாவால் நிறத்தை நிரப்பலாம். அந்த இடத்தின் மினுமினுப்பு சுற்றியுள்ளதோடு சேராது. முதலில் தேய்வது கைப்பிடியின் பின்புறம், நகம் படும் இடம்; அடுத்து டிஷ்வாஷர் கதவின் மேல்விளிம்பு.

இன்னொரு சங்கடம் உண்டு. ஒரு நிறுவனத்தின் கறுப்பு பழுப்பு கலந்திருக்கும், மற்றொன்றின் கறுப்பு நீலமாக அடிக்கும், மூன்றாவது வெறும் அடர்சாம்பல். இரண்டை அருகருகே வைத்தால் பொருந்தாது. ஒரு சாதனத்தை இந்த ஃபினிஷில் வாங்கினால் மற்றவற்றையும் அதே நிறுவனத்திடம், முடிந்தால் ஒரே சமயத்தில் வாங்க வேண்டிவரும். ஐந்தாறு வருடம் கழித்து ஒன்று பழுதாகும்போது அதே சாயல் கிடைக்குமா என்பதற்கு உத்தரவாதமில்லை. சின்னக் குழந்தைகள், நாய், நடைவழி குறுகிய சமையலறை, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் இதைத் தவிர்ப்பதே புத்திசாலித்தனம்.

வெள்ளை, கறுப்புப் பெயின்ட்

வெள்ளையை மலிவுச் சரக்கு என்று ஒதுக்குகிறார்கள். நியாயமே இல்லை. கைரேகை தெரியாது, சின்னக் கீறல் தெரியாது, பெயின்ட் பெயர்ந்தால் தொட்டு நிரப்பலாம், விலையும் பெரும்பாலும் குறைவு. இதில் இரண்டு வகையைப் பிரித்தறிய வேண்டும். ஃப்ரிட்ஜ், டிஷ்வாஷர் கதவுகளில் இருப்பது பெயின்ட் அல்லது பவுடர் கோட்டிங். பவுடரைச் சுமார் 180 முதல் 200 டிகிரி செல்சியஸில் சுட்டு இறுக்குவார்கள். அடுப்பு மேடையிலும் ஓவன் உட்புறத்திலும் இருப்பது எனாமல், அதாவது சுமார் 800 டிகிரியில் உலோகத்தோடு உருக்கி இணைத்த கண்ணாடி. எனாமல் சூட்டையும் தேய்ப்பையும் தாங்கும்; கனமான வாணலி கைதவறி விழுந்தால் சில்லு பெயர்ந்துவிடும். பெயர்ந்த இடத்தை உடனே உலர்த்தி, துருவைத் தேய்த்து, வெளிப்புறமாக இருந்தால் சாதனங்களுக்கான எபாக்சி பெயின்ட் வைக்கலாம். ஓவனுக்குள் அதை வைக்கவே கூடாது.

வெள்ளையில் மஞ்சளாவது பெரும்பாலும் தகடு அல்ல, பிளாஸ்டிக் கைப்பிடியும் ஓரப்பட்டையும். வெயிலும் அடுப்புச் சூடும் அதற்குக் காரணம். வெள்ளை வாங்கினால் உலோகக் கைப்பிடி உள்ளதாகப் பாருங்கள். பளபளக்கும் கறுப்போ நேர் எதிர்: தூசி, தண்ணீர்ச் சொட்டு, துடைத்த துணியின் சுழிக்கோடு வரை எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும்.

கண்ணாடி முகப்பு

நிறம் கண்ணாடியின் பின்பக்கம் இருப்பதால் அதைத் தேய்த்துக் கெடுக்க முடியாது. சாதாரணத் துடைப்புக்குக் கீறாது, மங்காது, கறை ஊறாது. சுத்தம் செய்ய இதைவிடச் சுலபமானது கிடையாது. ஆனால் டெம்பர்டு (சூடாக்கி வலுவேற்றிய) கண்ணாடியின் முகம் எவ்வளவு வலுவோ, விளிம்பு அவ்வளவு மென்மை. முகத்தில் குத்தினால் தாங்கும். மூலையில் இடித்தால் கதவு முழுவதும் ஒரே நொடியில் சிறு சிறு கட்டிகளாக உதிர்ந்துவிடும். விளிம்பைச் சுற்றி உலோகச் சட்டம் உள்ள மாடல் பாதுகாப்பானது. காந்தம் ஒட்டிக் குறிப்பு வைக்கும் வழக்கம் உள்ளவர்கள் கடையிலேயே சோதித்துக்கொள்ள வேண்டும்; பெரும்பாலும் நிற்காது.

கேஸ் அடுப்பில் கண்ணாடி மேற்பரப்பு தனி விஷயம். பர்னரை மீறிய அகலமான பாத்திரம் சூட்டைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிடும். சூடான கண்ணாடியில் குளிர்நீர் கொட்டினால் வெடிக்கலாம். தினமும் பெரிய பாத்திரம் ஏறும் அடுப்புக்கு ஸ்டீல் அல்லது எனாமல் மேடையே மேல்.

மேட் ஃபினிஷ்

ஜி.ஈ. நிறுவனம் 2012-ல் கொண்டுவந்த ‘ஸ்லேட்’ போன்ற மேட் (பளபளப்பில்லாத) சாம்பல் வகைகள் கைரேகையையும் தூசியையும் நன்றாக மறைக்கின்றன, காந்தமும் ஒட்டும். கவனிக்க வேண்டியது ஒன்றே: மேட் பரப்பைத் தேய்க்கத் தேய்க்க அந்த இடம் மட்டும் பளபளப்பாகும். மேஜிக் ஸ்பாஞ்ச் என்று விற்கும் மெலமைன் நுரை உண்மையில் மிக நுண்ணிய உப்புத்தாள் போன்றது. ஒரு கறையை எடுக்கப்போய் அழியாத பளபளப்புத் திட்டு ஒன்றை விட்டுச்செல்லும். மேட் கறுப்புச் சிம்னியில் எண்ணெய் ஊறி நிழல்போல நின்றுவிடுவதையும் பார்க்கலாம்.

அலமாரிப் பலகைக்குள் மறைப்பது

சாதனமே தெரியாமல் அலமாரிக் கதவு போலவே பலகை பொருத்தும் முறை இது. ஃபினிஷ் பிரச்சினை தச்சர் பக்கம் போய்விடுகிறது. கீறினால் பலகையை மட்டும் மாற்றலாம். ஆனால் பலகையின் எடை, தடிமன் இரண்டுக்கும் தயாரிப்பாளர் வரம்பு கொடுத்திருப்பார். எடை மிஞ்சினால் கீல் தொங்கும், ரப்பர் காஸ்கெட் ஒரு மூலையில் ஒட்டாது, அந்த இடைவெளியில் ஈரக்காற்று புகுந்து உள்ளே பனி கட்டும். டிஷ்வாஷருக்கு மேல் கவுன்டரின் அடிப்பக்கத்தில் ஆவி தடுக்கும் படலம் ஒட்டாவிட்டால் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகை ஓரங்களில் உப்பிவிடும். ஓவனை ஒட்டிய அலமாரிக் கதவுகளில் பி.வி.சி. போர்வை சூட்டில் உரியும். அங்கே லேமினேட் போட வேண்டும்.

எல்லாம் ஒரே நிறமாக இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. கண் ஒரே வரிசையில் பார்க்கும் சாதனங்கள் பொருந்தினால் போதும். ஓவனும் மைக்ரோவேவும் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்தால் அவை இரண்டும் ஒரே நிறுவனமாக இருக்கட்டும். எதிர்ச்சுவரில் நிற்கும் ஃப்ரிட்ஜ் வேறு ஃபினிஷில் இருக்கலாம். எங்கள் தேர்வு இப்படி: சிம்னிக்கும் அடுப்புக்கும் பூச்சில்லாத ஸ்டீல், ஃப்ரிட்ஜுக்கும் டிஷ்வாஷருக்கும் கைரேகை படாத ஸ்டீல் அல்லது வெள்ளை, ஓவனுக்குக் கறுப்புக் கண்ணாடி. கறுப்புக் கண்ணாடி எந்த ஸ்டீலோடும் இசைந்துபோகும், நிறுவனம் வேறானாலும் உறுத்தாது. நிறத்தை வீட்டு விளக்கின் கீழ்தான் பார்க்க வேண்டும். 2700 கெல்வின் மஞ்சள் ஒளியில் சூடாகத் தெரியும் சாம்பல், 6500 கெல்வின் வெள்ளொளியில் நீலமாகிவிடும்.

சாதனம் வந்து இறங்கியதும், ஆட்கள் கிளம்புவதற்கு முன் பாதுகாப்புப் படலத்தை உரித்து, டார்ச் ஒளியைக் கதவின் மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். நேர்வெளிச்சத்தில் தெரியாத நசுங்கலும் கீறலும் சாய்வொளியில் தெரியும். அழகாக இருக்கட்டும் என்று படலத்தை மாதக்கணக்கில் விட்டுவைத்தால் அடுப்புச் சூட்டிலும் வெயிலிலும் பசை இறுகிவிடும். அப்படி இறுகிய பசையைத் தலைமுடி உலர்த்தியால் லேசாகச் சூடாக்கி மெதுவாக உரிக்கலாம். மீதியைக் கனிம எண்ணெய் தொட்ட துணியால் ஊறவைத்துத் துடைக்க வேண்டும். பிளேடு வைத்துச் சுரண்டக் கூடாது.