மீண்டும் பார்த்த இரு கிப்லி படங்கள்

வெள்ளவத்தையில் மழை விடாது பெய்த கடந்த வார இறுதியில், 1988 இல் ஜப்பானில் ஒரே நாளில் வெளியான ஸ்டூடியோ கிப்லியின் இரு அசைவூட்டப் படங்களையும் வீட்டில் மீண்டும் பார்த்தேன். மியாசாகியின் ‘மை நெய்பர் டொட்டோரோ’வில் பேருந்துத் தரிப்பிடத்துக் குடைக் காட்சி முன்பைவிட இனித்தது.

இரண்டாம் உலகப் போரில் தாயை இழந்த அண்ணன் தங்கையின் கதையான, தகாஹாதாவின் ‘கிரேவ் ஒஃப் த ஃபயர்ஃபிளைஸ்’ அப்படியன்று. இனிப்புகள் தீர்ந்த தகரப் பேணியில் நீரூற்றிச் சிறுமி செத்சுகோவுக்குக் கொடுக்கும் இடத்தில், பதுங்குகுழிக்குள் சீனியை அளந்து தந்த என் அம்மம்மாவின் கையே எனக்குத் தெரிந்தது. அண்ணன் செய்தா உறவினர் வீட்டை விட்டு வெளியேறியதை அன்று துணிச்சலென்று எண்ணினேன். இன்றோ, 14 வயதுப் பிள்ளையின் அந்தப் பிடிவாதத்தைப் பழிக்காமலும் நியாயப்படுத்தாமலும் காட்டிய இயக்குநரின் நேர்மை என்னை உலுக்கியது. இரண்டையும் பார்ப்போர் டொட்டோரோவை இறுதியில் பார்க்கட்டும்.