ஒமேகாவா, ரொலெக்ஸா, செனித்தா? கிளிநொச்சி மேசையில் மூன்று குரோனோகிராப்

கிளிநொச்சியில் மணிக்கூடு திருத்துபவனிடம் வருவது பெரும்பாலும் பற்றரி மாற்றும் வேலைதான். அதனால் ஆவணியில் சுவிஸில் இருந்து வந்த மருமகன், "மாமா, நல்ல குரோனோகிராப் ஒண்டு வாங்கப் போறன், எது நல்லம்?" என்று கேட்டபோது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்தது உண்மை. குரோனோகிராப் என்றால் பொத்தானை அழுத்தி ஓட்டப் பந்தயத்துக்குப்போல நேரம் எடுக்கக்கூடிய கைமணிக்கூடு. கூட வந்த சிநேகிதர் இருவரின் கைகளில் ஒமேகா ஸ்பீட்மாஸ்டரும் செனித் குரோனோமாஸ்டர் ஸ்போர்ட்டும் இருந்தன. ரொலெக்ஸ் டேடோனாவை வவுனியாவில் ஒரு கலியாண வீட்டில் பார்த்தேன். உரியவர் கழற்றித் தர மனமில்லாமல் கையோடு நீட்டினார்.

ஸ்பீட்மாஸ்டர் 1957இல் வந்தது. சந்திரனுக்குப் போன கதை எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது 1970இன் அப்பல்லோ 13 கதை: பழுதான விண்கலத்தின் பாதையைத் திருத்த 14 செக்கன் எஞ்சினை எரிக்க வேண்டியிருந்தது, அதை எண்ணியது இந்த மணிக்கூடு. இன்றைய ஸ்பீட்மாஸ்டருக்குள் இருக்கும் 3861 என்ற எஞ்சினையும் கையால்தான் முறுக்க வேண்டும். முழுதாக முறுக்கினால் 50 மணித்தியாலம் ஓடும். 15,000 கவுஸ் காந்தத்தையும் தாங்குமாம். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு மேல் கழற்றி வைத்துவிட்டு மறந்தாலும் பயமில்லை. ஆனால் நீர்த்தாங்குதிறன் 50 மீற்றர்தான். கிணற்றடியில் குளிக்கிறபோது கழற்றி வைப்பது நல்லது.

டேடோனாவின் பொத்தானை அழுத்தினால் முள் துளியும் துள்ளாமல் புறப்படும். உள்ளே முள்ளை எஞ்சினோடு இணைத்துப் பிரிக்க நிலைக்குத்தான கிளச், பொத்தானின் கட்டளையைப் பிரித்துக் கொடுக்கத் தூண்சில்லு. காய்ந்த புளியங்கோது உடைவதுபோல் ஒரு சின்ன 'டிக்'. 72 மணித்தியாலம் ஓடும், 100 மீற்றர் தாங்கும். திருகி மூடும் பொத்தான்கள் வன்னிப் புழுதிக்கு நல்ல காவல், ஆனால் அவசரத்துக்கு நேரம் எடுக்க முதலில் திருகைக் கழற்ற வேண்டும். எனக்கு ஒவ்வாதது வேறொன்று: ஸ்டீல் டேடோனாவின் முதுகு மூடியது. செய்நேர்த்திக்கென்று இவ்வளவு காசைக் கொட்டிவிட்டு அதைப் பார்க்க முடியாதென்றால், மூடின சட்டியில் வாசம் பிடிக்கிற கதைதான்.

செனித்தின் முதுகு கண்ணாடி. லென்ஸைக் கண்ணில் பொருத்திக்கொண்டு பார்த்தேன். சக்கரம் துடிப்பதைக் கண்ணால் எண்ண முடியவில்லை. ஸ்பீட்மாஸ்டர் செக்கனுக்கு 6 முறை, டேடோனா 8 முறை துடிக்கும், இது 10 முறை. அதனால் குரோனோகிராப் முள் 10 செக்கனுக்கு ஒரு சுற்று சுற்றி, செக்கனில் பத்தில் ஒன்றைக் காட்டும். பின்னேரம் பள்ளிக்கூட மைதானத்தில் 100 மீற்றர் ஓடிய பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நேரம் எடுத்தோம். 14.3. ஊகிக்க வேண்டியிருக்கவில்லை, முள் அந்தக் கோட்டில் நின்றது.

செனித்துக்குள் ஓடும் இந்த எஞ்சினின் பரம்பரைக்கு எல் பிரிமேரோ என்று பெயர், முதலில் 1969இல் வந்தது. 1975இல் செனித்தின் அமெரிக்க முதலாளிகள் இனி பற்றரி மணிக்கூடுதான் என்று முடிவெடுத்தபோது, சார்ல் வெர்மோ என்ற தொழிலாளி அச்சுகளையும் கருவிகளையும் தொழிற்சாலையின் மேல்மாடத்தில் ஒளித்துவைத்து, எது எங்கே என்று எழுதியும் வைத்தார். வன்னியில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2009இல் நானும் லென்ஸ், குறடு, திருகாணிப் பெட்டி எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றிப் புதைத்துவிட்டுத்தான் நடந்தேன். என்ன, திரும்பி வந்து தோண்டியபோது குறடு மட்டும்தான் உருப்படியாக இருந்தது. வெர்மோ ஒளித்தவை 1980களில் மறுபடி வேலைக்கு வந்தன. 1988 முதல் 2000 வரை டேடோனாவுக்குள் ஓடியதும் அதே செனித் எஞ்சின்தான், ரொலெக்ஸ் துடிப்பைக் குறைத்து மாற்றியமைத்தது.

வேகம் கூடினால் தேய்மானமும் கூடும், சேர்விஸைத் தள்ளிப்போடக் கூடாது. மூன்றில் எதையும் நான் திறக்க மாட்டேன். உதிரிப்பாகமும் இங்கே கிடைக்காது. இளவயதில் ஒரு பழைய குரோனோகிராபைத் திறந்து, பறந்துபோன ஸ்பிரிங்குக்காக மூன்று நாள் கடைப் புழுதியை அரித்தவன் சொல்கிறேன்.

மருமகனுக்குச் செனித் என்றேன். தினமும் முறுக்கப் பொறுமை இருந்தால் ஒமேகாவும் சரி.

"அப்ப ரொலெக்ஸ், மாமா?"

"அது கலியாண வீட்டுக்கு."