வசந்தத்தில் வரும் துலிப் கிழங்கு: வாங்கி ஏமாறாதீர்கள்

இணையக் கடை ஒன்றில் வாங்கிய 50 துலிப் கிழங்குகள் வசந்தம் பிறந்த பிறகு வந்து சேர்ந்தன. உறையின் மேல் ‘உடனே நடலாம், 45 நாளில் பூக்கும்’ என்று அச்சிட்டிருந்தது. நீர் தேங்காத மண்ணில், 15 செ.மீ. ஆழத்தில், கூர்முனை மேலே இருக்கும்படி நட்டாயிற்று. பெரும்பாலானவற்றில் ஒரே ஓர் அகன்ற இலை மட்டும் வந்தது. நாலைந்தில் மொட்டு எட்டிப்பார்த்தது. விரல் நீளம்கூட வளராமல் இலைகளுக்குள்ளேயே காய்ந்து சருகாகிவிட்டது. புகார் செய்தால், ‘உங்கள் மண் சரியில்லை’ என்று பதில். பணமும் திரும்பவில்லை.

மண்ணின் மேல் பழி போடுவதை நம்பாதீர்கள். துலிப், ஹையசிந்த் போன்றவற்றின் முதல் வருடப் பூ கிழங்குக்குள் சேர்ந்திருக்கும் சத்தில்தான் வளர்கிறது. நல்ல ஹையசிந்த் கிழங்கைக் குளிரில் வைத்தெடுத்து, அடிப்பகுதியை நீர் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி கண்ணாடிக் குவளையில் வைத்தால், மண்ணே இல்லாமல் பூக்கும்.

இங்கே நடந்தவை இரண்டு தனித்தனி மோசடிகள். ஒற்றை இலை வந்தவை பூக்கும் வயதை எட்டாத குட்டிக் கிழங்குகள். துலிப்பைச் சுற்றளவு பார்த்து வாங்க வேண்டும். பெரிய பூ வேண்டுமென்றால் 12 செ.மீ.க்குக் குறையக் கூடாது. வந்தவற்றை நூல் சுற்றி அளந்தால் 7, 8 செ.மீ.தான். விளம்பரத்தில் சுற்றளவு போடாமல் பூவின் படத்தை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால் அங்கே வாங்காதீர்கள். படத்தில் அசல் நீலத் துலிப் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அப்படி ஒரு துலிப் கிடையாது.

மொட்டு கருகியவற்றுக்குக் குளிர் போதவில்லை. துலிப் 12 முதல் 16 வாரம் 2–7 டிகிரி செல்சியஸில் இருந்தால்தான் பூந்தண்டு நீளும். அதனால்தான் துலிப், டாஃபடில், ஹையசிந்த், குரோக்கஸ் எல்லாம் இலையுதிர் காலத்தில் நடுபவை. மண் 13 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகு, உறைவதற்குள் நட வேண்டும். குளிர்காலம் மிதமான இடங்களில் காகிதப் பையில் போட்டு ஃப்ரிட்ஜில் அந்த 12–16 வாரத்தையும் கழித்து, எடுத்த கையோடு குளிர்ந்த மண்ணில் நடலாம். ஃப்ரீசரில் வைக்காதீர்கள். பக்கத்தில் ஆப்பிள், வாழைப்பழம் ஆகவே ஆகாது. பழம் விடும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கொன்றுவிடும். ‘குளிரூட்டியது’ என்று விற்றால் எத்தனை வாரம், எத்தனை டிகிரி, எந்தத் தேதியில் வெளியே எடுத்தார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்க வேண்டாம்.

வசந்தத்தில் வாங்கி நட வேண்டியவை வேறு: கிளாடியோலஸ், டாலியா, நிலச்சம்பங்கி. இவற்றுக்குக் குளிர் தேவையில்லை, மண் சூடேறியிருக்க வேண்டும்.

பொதி வந்த அன்றே ஒரு கிழங்கைப் பலி கொடுத்துவிடுவது நல்லது. நுனியிலிருந்து அடித்தட்டு (வேர் விடும் அடிப்பகுதி) வரை நெட்டுவாக்கில் வெட்டுங்கள். சதைப்பற்றான வெள்ளை மடல்களின் நடுவே, மடித்த இலைகளுக்குள், வெளிர்நிறத்தில் குட்டி மொட்டு தெரிய வேண்டும். அந்த இடம் பழுப்பாக வாடியிருந்தால் பூ செத்துவிட்டது. மேல்தோலில் நீலப் பூஞ்சை லேசாக இருந்தால் துடைத்துவிட்டு நடலாம். அடித்தட்டு மெத்தென்று அமுங்கி, புளித்த வாடை அடித்தால் அது ஃபுசேரியம் என்ற பூஞ்சையால் வரும் அழுகல். பக்கத்துக் கிழங்குக்கும் பரவும், வெளியே எறியுங்கள்.

வெட்டிய கிழங்கு, அளவு நாடா சுற்றிய கிழங்கு, உறையின் மேல் அச்சிட்ட வாசகம் மூன்றையும் படமெடுத்து அன்றைக்கே கடைக்கு அனுப்பிவிடுங்கள். நட்டு ஒரு மாதம் கழித்துப் புகார் செய்தால், மண், தண்ணீர் என்று அவர்கள் காரணம் சொல்ல இடம் கிடைத்துவிடுகிறது.