ஸ்டாண்டில் ஏற்றி விற்கப்பட்ட ‘பின்’ (pin) வெல்டிங் கன்: டக்ட் பட்டறைக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கோவையில் ஏர்கண்டிஷனிங் டக்ட் (குளிர்காற்று செல்லும் தகட்டுக் குழாய்) செய்யும் சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். டக்டின் உட்புறம் பொருத்தும் 25 மி.மீ. கிளாஸ்வூல் என்ற கண்ணாடியிழை மெத்தையைத் தகட்டோடு பிடித்து வைக்கும் ஆணி போன்ற பின்களை வெல்டு செய்ய, தூக்கிச் செல்லும் கன் வாங்குவதா, பட்டறையில் நிற்கும் பெடல் மெஷின் வாங்குவதா என்று யோசித்துக்கொண்டிருந்த வேளையில்தான் ஒரு விற்பனையாளரிடம் ஏமாந்தேன்.

எங்கள் வேலையில் பெரும்பங்கு, தகட்டை மடிப்பதற்கு முன்பே மேசையில் விரித்து, கிளாஸ்வூலை ஒட்டி, வரிசையாகப் பின் அடிப்பதுதான். அதற்கு நிற்கும் மெஷினே தோது. மடித்து முடித்த டக்டுக்குள்ளும் சைட்டிலும் அடிக்கத்தான் கன் தேவைப்படும். ஆகவே கூடுதல் விலை கொடுத்துப் பெடல் மெஷினுக்கு ஆர்டர் தந்தேன்.

டெமோ நாளில் விற்பனையாளர் தாம் கொண்டுவந்த 2 மி.மீ. பின்களைத் தம்முடைய தகட்டுத் துண்டிலேயே, பேச்சுக் கொடுத்தபடி ஒவ்வொன்றாக அடித்துக் காட்டினார். நாங்கள் பயன்படுத்துவதோ 2.7 மி.மீ. பின். விட்டத்தில் சிறிய வித்தியாசமாகத் தெரிந்தாலும் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 1.8 மடங்கு என்பதால், உருகுவதற்கு அதிக ஆற்றல் வேண்டும். அன்று எனக்கு இது உறைக்கவில்லை.

இரண்டு மாதங்களுக்குப் பின், ஒரு மண்டபத்தில் ஃபேனைச் சோதனைக்கு ஓட்டியபோது டக்டுக்குள் ஈரத்துணியை உதறுவது போன்ற ஓசை கேட்டது. டக்ட் துண்டுகளை இணைக்கும் ஃபிளேஞ்சைக் கழற்றிப் பார்த்தால், கிளாஸ்வூல் தொய்ந்து காற்றுவழியை மறித்துக்கொண்டிருந்தது. பின்கள் அதிலேயே செருகிக்கொண்டு தொங்கின. பின் நின்ற இடத்தில் உலோகம் உருகிய வளையம் இல்லை, ஒரு கரும்புள்ளி மட்டுமே இருந்தது.

விற்பனையாளரோ, ஜி.ஐ. தகட்டின் துத்தநாகப் பூச்சும் தகட்டிலிருந்து மின்சாரம் மெஷினுக்குத் திரும்பும் எங்கள் எர்த் இணைப்புமே காரணம் என்றார். எர்த் மோசமானால் வெல்டு பிடிக்காது என்பது உண்மைதான் என்பதால், தகட்டை எமரி தாளால் தேய்த்து இருபுறமும் கிளாம்ப் போட்டுப் பார்த்தோம், பலனில்லை. கடைசியில் தெரிந்த எலக்ட்ரீஷியனை அழைத்து, வெல்டுக்கான மின்சாரத்தைச் சேர்த்துவைத்து ஒரேயடியாக விடும் கெப்பாசிட்டர்களின் மின்னூட்டத்தை முறையாக இறக்கிய பிறகு (அது இல்லாமல் யாரும் உள்ளே கை வைத்துவிடாதீர்கள்) பெட்டியைத் திறந்தோம். கொட்டேஷனில் கெப்பாசிட்டர்களின் மொத்தக் கொள்ளளவு 1,00,000 மைக்ரோஃபாரட் என்று இருந்தது. உள்ளே இருந்தவை 10,000 மைக்ரோஃபாரட் கொண்ட நான்கு மட்டுமே. 100 வோல்ட்டில் 500 ஜூல் கிடைக்க வேண்டிய இடத்தில் 200 ஜூல்தான் கிடைக்கும். முழுதாக மின்னேறும் வரை அடுத்த பின்னை அடிக்கவிடாமல் தடுக்கும் அமைப்பும் இல்லாததால், வேகமாக அடித்த பின்களுக்கு அதுவும் கிடைத்திருக்காது. பெட்டியின் மேல்தகட்டில், புதுப் பெயின்டுக்கு அடியில், கைப்பிடி இருந்த நான்கு திருகுத் துளைகள் மக்கு வைத்து அடைக்கப்பட்டிருந்தன. கன்னுக்கான சிறிய பெட்டியைத்தான் ஸ்டாண்டில் பூட்டி, பெடல் மாட்டி, நிற்கும் மெஷின் என்று என் தலையில் கட்டியிருக்கிறார்.

பில்லின் பின்புறத்தில் கெப்பாசிட்டர் தேய்மானப் பொருள், அதற்கு உத்தரவாதம் இல்லை என்று பொடி எழுத்தில் இருந்ததைச் சுட்டிக்காட்டியவர், அதன் பிறகு போனை எடுக்கவே இல்லை. மண்டப வேலையை வாடகைக்கு எடுத்த நல்ல கன் ஒன்றைக் கொண்டு எங்கள் செலவில் திரும்பச் செய்து கொடுத்தோம். ஆகவே கன் மட்டமானது என்று நான் சொல்லவில்லை.

எதை வாங்கினாலும் உங்கள் தகடு, உங்கள் பின், உங்கள் கிளாஸ்வூல் ஆகியவற்றைக் கொண்டுபோய், வேலை நாளில் அடிக்கும் அதே வேகத்தில் இடைவிடாமல் ஐம்பது பின்னாவது அடிக்கச் சொல்லுங்கள். பிறகு கட்டிங் பிளேயரால் வளைத்துப் பாருங்கள்: பின் வளையலாம், தகடு கிழியலாம், ஆனால் வெல்டு விடக்கூடாது. நிற்கும் மெஷினானால், தகட்டின் மேல் நீளும் மெஷின் கையின் உள்ளாழத்தையும் அளந்துகொள்ளுங்கள். 1250 மி.மீ. அகலத் தகட்டின் நடுவை எட்ட 625 மி.மீ. வேண்டும், எனக்கு வந்ததில் 400தான் இருந்தது. மைக்ரோஃபாரட் கணக்கைக் கொட்டேஷனில் மட்டுமன்றிப் பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

எனக்குப் பணம் திரும்பவில்லை. அந்த மெஷினில் இப்போது 2 மி.மீ. பின்னை மட்டும், ஒவ்வொன்றுக்கும் மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு அடிக்கிறோம்.