கடை வாசல்ல கெணறு வெட்டுன தம்பி

ஈரோட்ல மச்சான் கடை தொறப்புக்கு வாசல் தரையில 3டி படம் போட ஒரு தம்பியப் புடிச்சோமுங்க, கருங்கல் கட்டுன கெணறு, அடியில தண்ணி, வேலை அருமை. ஸ்டாண்டுல செல்போன நிறுத்தி அந்த ஒரே எடத்துல இருந்து பாத்துப் பாத்துத்தான் வரைஞ்சாப்ல, தூரம் போகப் போக படத்த இழுத்து நீட்டி, பக்கவாட்டுல நின்னா நசுங்குன பூசணிக்கா மாதிரி இருக்கு, செல்போன் வழியா பாத்தா நெசக் கெணறேதான், எங்கம்மாயி கால் வெக்கவே பயந்துருச்சு! 1980கள்ல இத்தாலில இந்த மாதிரி வரைஞ்சு பேர் வாங்குனவரு கர்ட் வென்னர்ங்கற அமெரிக்கக்காரரு.

கொறைன்னா ஒண்ணுதானுங்க, சாக்பீஸ்ல போட்டதால ராத்திரி பேஞ்ச மழைல கெணறே கரைஞ்சு போச்சு, பெயிண்டுக்கு தனி ரேட்டாம், அத மொதல்லயே சொல்லிருக்கோணுமல்லங்க?