முதலில் துவாய், பிறகு போத்தல்: கார் பராமரிப்புச் சாமான் புதிதாக வாங்குபவர்களுக்கு

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக்குப் போய் “காருக்கு ஒரு பொலிஷ் தாங்க” என்று கேட்டுப் பாருங்கள். கண்ணாடி மேசையில் நாலு சாமான் வந்து நிற்கும்: கொம்பவுண்ட், மெழுகு, டாஷ்போர்டுக்கு அடிக்கும் ஸ்ப்ரே, டயருக்குப் பூசும் திரவம். கடைக்காரருக்கு நாலும் பொலிஷ்தான். வாங்குபவர்தான் மாட்டிக்கொள்கிறார். கொம்பவுண்ட் பெயின்டைத் தேய்த்து எடுப்பது. மெழுகு பெயின்டின் மேல் படிவது. மெழுகென்று நினைத்து வாராவாரம் கொம்பவுண்ட் போட்டால் முதல் மாதம் கார் மினுங்கத்தான் செய்யும். ஆனால் நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் பெரும்பாலான கார்களில் 40–50 மைக்ரோன் அளவுதான், தலைமயிரை விட மெல்லியது. அது தேய்ந்து போனால் திரும்பப் பெயின்ட் அடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

ஆகவே தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். புதிதாகத் தொடங்குபவர் வாங்க வேண்டியவை: கார் ஷாம்பூ ஒன்று, கையுறை மாதிரி மாட்டிக் கழுவும் மைக்ரோபைபர் மிட் இரண்டு, ஈரம் ஒற்றும் பெரிய துவாய் ஒன்று, 40 செ.மீ. சதுரத் துணி ஆறு, கழுவிய பிறகு அடிக்கும் பாதுகாப்பு ஸ்ப்ரே ஒன்று. வாளி இரண்டு வீட்டிலேயே இருக்கும். காசு காணாவிட்டால் ஷாம்பூவில் மிச்சம் பிடியுங்கள், துவாயில் பிடிக்க வேண்டாம். பெயின்டில் வெயில் பட்டால் சிலந்தி வலை மாதிரி தெரியும் வட்டக் கீறல்களில் பெரும்பங்கு துணியாலும் அதில் ஒட்டிய மணலாலும் வருவது. எந்தப் போத்தலும் அதைத் தடுக்காது.

கரையோரத்தில் இந்த மணல் பிரச்சினை இன்னும் கூட. கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலையில் கழுவிய பொனட்டில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம். அந்தத் தூசியைக் காய்ந்தபடி துடைப்பதுதான் காருக்குச் செய்யும் பெரிய கெடுதல். கோழி இறகு தூசி தட்டியும் அதைத்தான் செய்கிறது, கொஞ்சம் மெதுவாக. பழைய சாரனைக் கிழித்துத் துடைக்கும் பழக்கமும் விடவேண்டியது. மருதமுனைக் கைத்தறிச் சாரன் இடுப்புக்கு அருமை. ஆனால் அந்த இறுகிய நெசவுக்குள் மணல் இறங்க இடமில்லை, மேலேயே நின்று பெயின்டைக் கீறும். மைக்ரோபைபரின் இழைக்கட்டு மணலை உள்ளே வாங்கிக்கொள்ளும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அதுதான் எல்லாம்.

துணி வாங்கும்போது பாக்கெட்டில் போட்டிருக்கும் ஜிஎஸ்எம் எண்ணை, அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதை, நம்ப வேண்டாம். சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். 40 செ.மீ. சதுரத் துணி 350 ஜிஎஸ்எம் என்றால் 56 கிராம் நிறுக்க வேண்டும். 35 கிராம் காட்டினால் அது 220தான், கண்ணாடிக்கும் உள்பக்கத்துக்கும் போதும், பெயின்டுக்கு வேண்டாம். ஈரம் ஒற்றும் துவாய் 60க்கு 90 செ.மீ. அளவில், முறுக்கு இழையாக, அரைக் கிலோவுக்குக் கிட்ட இருந்தால் ஒரு வெகன் ஆர் கார் முழுவதற்கும் ஒன்றே காணும். ஓரத்தைத் தடவிப் பாருங்கள். தையல் நைலோன் நூல் முரடாக இருந்தால் அந்த ஓரமே கீறும். லேபலை வெட்டி விடுங்கள். சந்தேகம் வந்தால் பழைய சீடி ஒன்றின் மினுங்கும் பக்கத்தில் துணியை அழுத்திப் பத்துத் தரம் தேய்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். சீடியில் புதுக் கீறல் விழுந்தால் அந்தத் துணி ரிம்முக்கு.

தோய்க்கும்போது துணி மென்மையாக்கி ஊற்றக் கூடாது. இழையில் படிந்து நீர் உறிஞ்சுவதைக் கெடுக்கும். பருத்தித் துணியோடு சேர்த்துப் போட்டால் பஞ்சு முழுவதும் மைக்ரோபைபரில் ஏறிவிடும். திரவச் சலவை சோப்பில் தனியாகத் தோய்த்து நிழலில் உலர்த்துவது நல்லது. நிலத்தில் விழுந்த துணி அன்றைக்குத் திரும்பப் பெயின்டில் படக் கூடாது.

ஷாம்பூவுக்கு வருவோம். மெகுயர்ஸ் கோல்ட் கிளாஸ் புதியவர்களுக்குப் பிழை விடாத தெரிவு: நுரையும் வழுக்கலும் நன்றாக இருக்கும், பழைய மெழுகை உரித்தெடுக்காது. அதன் அளவு 4 லீட்டர் தண்ணீருக்கு 30 மில்லி. 8 லீட்டர் வாளிக்கு 60 மில்லி, 473 மில்லி போத்தலில் ஏறக்குறைய எட்டுத் தரம் கழுவலாம். விலை கூடத்தான். ஆனால் கண்ணளவில் இரண்டு மூடி கூடுதலாக ஊற்றுவதால் ஒரு நன்மையும் இல்லை, அலசத்தான் கூடத் தண்ணீர் வேண்டும். மலிவான சாதாரண கார் ஷாம்பூ எதுவும் அமிலமோ காரமோ இல்லாததாக, பீஎச் 7க்கு அண்மையாக இருந்தால் போதுமானது. கேனில் சில்லறையாக அளந்து தரும் ஷாம்பூக்களில்தான் கவனம் வேண்டும். அவற்றில் சில காரம் கூடியவை. ஊத்தை உடனே கழன்று ஓடும், கூடவே மெழுகும் ஓடும், பம்பரின் கறுப்புப் பிளாஸ்டிக் நாளடைவில் சாம்பல் நிறமாகும். பீஎச் தாளை நனைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். 9க்கு மேல் காட்டினால் சில்லுக்கு மட்டும். சலவைப் பவுடர் பெயின்டுக்கு ஆகவே ஆகாது. பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தரத்தில் பெயின்டைக் கொல்லாது, ஆனால் போட்டிருக்கும் பாதுகாப்புப் பூச்சை உரித்துவிடும்.

கழுவும் முறையில் ஷாம்பூவை விட வாளிதான் முக்கியம். ஒன்றில் ஷாம்பூ, மற்றதில் வெறும் தண்ணீர். முதலில் ஹோஸால் மணல் போகுமட்டும் அடித்து விடுங்கள். பிரஷர் வோஷர் இருந்தால் விசிறி நொசிலோடு 30 செ.மீ. தள்ளிப் பிடிக்க வேண்டும், பெயின்ட் வெடித்த இடத்தில் நேராக அடித்தால் பெயர்த்துவிடும். பிறகு கூரை, கண்ணாடிகள், பொனட், கதவின் மேற்பாதி, கடைசியாகக் கதவின் கீழ்ப்பாதியும் பம்பரும். ஒரு பகுதி முடிந்ததும் மிட்டை வெறும் தண்ணீரில் அலம்பிப் பிழிந்துதான் ஷாம்பூ வாளிக்குள் விட வேண்டும். இரண்டாவது மிட் கதவின் கீழ்ப்பாதிக்கும் சில்லுக்கும். அது மேலே ஏறக் கூடாது. வட்டமாக அல்ல, நேர்கோட்டில், அழுத்தாமல். கழுவி முடிந்த பிறகு வெறும் தண்ணீர் வாளியின் அடியைத் தடவிப் பாருங்கள். அங்கே கிடக்கும் மணல் ஒற்றை வாளியில் கழுவியிருந்தால் பொனட்டுக்குத்தான் திரும்பிப் போயிருக்கும்.

நேரமும் முக்கியம். காலை எட்டுக்குள், அல்லது பின்னேரம் நாலரைக்குப் பிறகு. புறங்கையை பொனட்டில் வைத்தால் சுடக் கூடாது. சூடான தகட்டில் ஷாம்பூ காய்ந்தால் கறை விழும்.

இனி தண்ணீர், கார் பராமரிப்பு வீடியோக்கள் இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தராத விடயம். கல்லடி, நாவலடி, காத்தான்குடி மாதிரி வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் பகுதிகளில் பல கிணறுகள் உவர். கோடை முற்ற முற்ற உப்புக் கூடும். அந்தத் தண்ணீர் காரில் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி மிச்சமாகும். அதிலுள்ள கல்சியம் வெயிலில் வெந்து பெயின்டில் பதிந்துவிட்டால் கழுவிப் போகாது. கழுவுவதற்குக் கிணற்றுத் தண்ணீரைத் தாராளமாகப் பாவிக்கலாம். கடைசி அலசலுக்கு மட்டும் குழாய்த் தண்ணீரோ மழைத் தண்ணீரோ 15 லீட்டர் ஒதுக்குங்கள். உன்னிச்சைக் குளத்திலிருந்து சுத்திகரித்து வரும் குழாய்த் தண்ணீர் இதற்கு நல்லது. நொசிலைக் கழற்றிவிட்டு, கூரையிலிருந்து மெதுவாக வழிய விட்டால் தண்ணீர் பாய் சுருட்டினமாதிரித் தானே இறங்கும், துவாய்க்கு வேலை பாதியாகும். புதிதாக விழுந்த வெள்ளைப் புள்ளிக்கு, வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சமமாகக் கலந்து நனைத்த துணியைக் குளிர்ந்த தகட்டில் ஒரு நிமிடம் வைத்து எடுத்து, நன்றாக அலசுங்கள். அதற்கும் போகாவிட்டால் பதிந்துவிட்டது என்று பொருள்.

உவர்க் கிணறு மட்டுமே உள்ளவர்களுக்கு ஒப்டிமம் நோ ரின்ஸ் என்ற, அலசத் தேவையில்லாத கழுவு திரவம் பொருந்தும். 7.5 லீட்டர் நல்ல தண்ணீருக்கு 30 மில்லி. ஒரு வாளியில் முழுக் காரும் முடியும். தூசிக்கு அருமை. வயல் வீதியில் ஓடிச் சேறு அப்பிய காருக்கு இதைத் தொடவே வேண்டாம், முதலில் சேற்றை ஹோஸால் இறக்க வேண்டும்.

பாதுகாப்புப் பூச்சில் தகர டப்பாவில் வரும் கார்னௌபா மெழுகு இன்னும் பலருக்குப் பிரியமானது. கறுப்பு, சிவப்புக் கார்களில் அது தரும் ஆழம் உண்மையில் அழகு. ஆனால் மட்டக்களப்பு வெயிலில் சில வாரங்களுக்கு மேல் நின்று பிடிக்காது, பூசித் துடைக்கக் கையும் வலிக்கும். புதியவருக்கு ஸ்ப்ரேதான். சோனக்ஸ் பிரிலியன்ட் ஷைன் டீடெய்லர் தண்ணீரை முத்து முத்தாக உருட்டிவிடுவதில் விலைக்கு மேல் வேலை செய்கிறது. 750 மில்லி போத்தல் நெடுநாள் வரும். குறை: கூட அடித்தால் மங்கல் கோடு விழும், தடவினால் மெழுகு போல வழுக்காது. டர்ட்டில் வக்ஸின் ஹைபிரிட் சொலூஷன்ஸ் செரமிக் ஸ்ப்ரே அதைவிடக் கூட நாள் நிற்கும், ஆனால் பூசும் முறையில் கறார். இரண்டுக்கும் விதி ஒன்று: அரைக் கதவுக்கு இரண்டு தரம் அடித்து, துணியால் பரப்பி, உடனே காய்ந்த இன்னொரு துணியால் துடைத்தெடுப்பது. பனி இறங்கிய விடியலில் அடித்தால் ஈரம் கலந்து கோடு விழும். வெயிலில் அடித்தால் துடைக்கு முன்பே காயும். கோடு விழுந்தால் பயப்பட வேண்டாம், நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து மறுபடி உலர்ந்த துணி போட்டால் போய்விடும்.

மலிவாக வரும், பெயின்டின் மேல் இறுகிப் படியும் “9எச்” செரமிக் பூச்சுச் சின்னப் போத்தல்களை முதல் வருடம் தொட வேண்டாம். அந்த 9எச் பென்சில் கடினத்தைக் குறிப்பது, கல் விழுந்தால் தாங்கும் என்பதல்ல. அடியில் கீறல் இருந்தால் அதையும் சேர்த்து மூடிவிடும், துடைக்கத் தவறிய திட்டு இறுகினால் பொலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கொம்பவுண்டும் அப்படித்தான். மெகுயர்ஸ் அல்டிமேட் கொம்பவுண்ட் கையால் பாவிக்கத் தோதான நல்ல சாமான், ஆனால் அது மருந்து, சாப்பாடு அல்ல. காக்கை எச்சம் தின்ற தடம், கதவுக் கைபிடிக் குழியில் நகக் கீறல் என்று இடம் பார்த்து, 30 செ.மீ. சதுரத்தில் பரீட்சித்து நிறுத்த வேண்டும். நகம் மாட்டும் கீறல் கொம்பவுண்டுக்குப் போகாது. சேர்விஸ் ஸ்டேஷனில் சுழல் மெஷினால் செய்யும் கட் அன்ட் பொலிஷ் கைதேர்ந்தவரிடம் நல்லது. பழகாத கையில் பொனட் விளிம்பும் கதவு மடிப்பும்தான் முதலில் எரியும், பெயின்ட் மெல்லியது அங்கேதான்.

கழுவியும் போகாமல் பெயின்டில் ஒட்டியிருப்பதை இழுத்தெடுக்கும் களிக்கட்டி வருடத்துக்கு ஒன்றிரண்டு தரம் போதும். கழுவிய பொனட்டை சொப்பிங் பேக் ஒன்றைக் கையில் மாட்டித் தடவுங்கள், சொரசொரவென்றிருந்தால்தான் தேவை. 50 கிராம் துண்டில் பாதி எடுத்து, ஷாம்பூத் தண்ணீர் ஓட ஓட உருட்டாமல் வழுக்க வேண்டும். நிலத்தில் விழுந்தால் எறிந்துவிடுங்கள், கழுவிப் பாவிக்க முடியாது. ஊதா நிறமாக மாறும் இரும்புத்தூள் நீக்கி பார்க்க வேடிக்கை, மணம் அழுகிய முட்டை, புதியவருக்கு அவசரமில்லை.

டயருக்கு நீர் அடிப்படையிலான பால் நிறத் திரவம் வாங்குங்கள். பெற்றோலிய வாசனையோடு எண்ணெயாக மினுங்குவது ஓடும்போது கதவில் தெறிக்கும், அதில் தூசியும் ஒட்டும். பூசிப் பதினைந்து நிமிடம் விட்டு மிச்சத்தைத் துடைக்க வேண்டும். தரையில் படும் பக்கத்தில் பூசவே கூடாது. அலோய் ரிம்முக்கு அமிலம் வேண்டாம். டாஷ்போர்டுக்கு மினுங்காத ரகம்தான். சிலிக்கோன் மினுக்கம் பகல் ஓட்டத்தில் முன் கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசும். டின்ட் ஒட்டிய கண்ணாடிக்கு அமோனியா கலந்த கிளீனர் படக் கூடாது. மாரியில் சீட்டில் பூஞ்சணம் பிடித்தால் வாசனை ஸ்ப்ரே அடித்து மூட வேண்டாம். ஈரமான காலடிப் பாயைத் தூக்கி அடிக் கம்பளத்தை உலர்த்துவதுதான் மருந்து.

சேர்விஸில் அடிப்பக்கத்துக்கு மண்ணெண்ணெயோ டீசலோ அடிக்கட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். அது அடிப்பக்க மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்களையும் ரப்பர் மூடிகளையும் ஊதவைத்துக் கெடுக்கும், தூசியையும் ஒட்டவைக்கும். கடற்கரையில் நிறுத்திய காருக்கு நல்ல தண்ணீரை அடிப்பக்கத்திலும் சில்லு வளைவிலும் அடித்தால் போதும்.

கடைசியாக, டிக்கியில் எப்போதும் இருக்க வேண்டியது: அரை லீட்டர் ஸ்ப்ரே போத்தலில் ஷாம்பூத் தண்ணீர், பழைய மைக்ரோபைபர் இரண்டு. பறவை எச்சமோ வயல் பூச்சியோ காய்ந்தபடி சுரண்டக் கூடாது. நனைத்த துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டுவைத்து, தூக்கி எடுப்பது போல எடுக்க வேண்டும். அந்தத் துணியை மற்றத் துணிகளோடு சேர்த்துத் தோய்க்க வேண்டாம்.